பெடல் உதறினா காலை எடுக்காதீங்க

எல்.எல்.ஆர். வாங்க பரிவாகன் தளத்துல செல்போன்லயே விண்ணப்பிக்கலாம்னு உங்களுக்குத் தெரியும். நான் பேச வந்தது, லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும் பலருக்குப் பிடிபடாத விஷயம்: காரில் உள்ள ஏ.பி.எஸ். பிரேக்.

போன ஐப்பசியில, நல்ல மழை. அப்பாவோட காரை நான் ஓட்டிட்டு வர்றேன். திண்டிவனம் தாண்டினதும் முன்னால போன லாரி திடீர்னு நின்னுச்சு. பிரேக்கை அழுத்தினேன். பெடல் கடகடன்னு உதறி, காலையே திருப்பித் தள்ளுச்சு. ஏதோ உடைஞ்சிடுச்சுன்னு பயந்து காலை எடுத்துட்டேன். பக்கத்துல இருந்த அப்பா, "மிதிம்மா, விடாதே!"ன்னு கத்தினார். மறுபடி மிதிச்சேன். லாரிக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு முழம் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

உண்மையில எதுவும் உடையலை. ஏ.பி.எஸ். தன் வேலையைத்தான் செஞ்சுது. நடுவுல கெடுத்தது நான்.

ஈரத் தரையில கால் வழுக்க ஆரம்பிச்சா, நினைச்ச பக்கம் திரும்ப முடியுமா? டயரும் அப்படித்தான். உருளும் வரைக்கும் சாலையைப் பிடிக்கும். பிரேக் அழுத்தத்தில் சக்கரம் முழுசா நின்னுட்டா டயர் சறுக்கும். ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடிச்சாலும் கார் நேராகவே போகும். இதைத் தடுக்க, சக்கரங்களின் வேகத்தை சென்சார்கள் கவனிச்சுக்கிட்டே இருக்கு. ஒரு சக்கரம் நிற்கப் போகுதுன்னு தெரிஞ்சதும், அதுக்குப் போகிற பிரேக் ஆயில் அழுத்தத்தை வால்வு குறைக்கும். சக்கரம் உருண்டதும் அழுத்தம் மறுபடி ஏறும். இது ஒரே வினாடிக்குள் பல முறை நடக்குது. அந்தத் துடிப்புதான் உங்க காலுக்கு வருது.

"விட்டு விட்டு மிதி"ன்னு பழைய டிரைவர்கள் சொல்லிக்கொடுப்பாங்க. ஏ.பி.எஸ். இல்லாத வண்டிக்கு அது சரி. இருக்கிற வண்டியில், அழுத்தமா மிதிச்சு அப்படியே பிடிங்க; இடம் இருக்கிற பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புங்க. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புதுக் கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம். அதனால இது பெரும்பாலும் உங்க காருக்கும் பொருந்தும்.

ஏ.பி.எஸ். இருக்குன்னு முன்வண்டியை ஒட்டிப் போகாதீங்க. சரளைக் கல், மணல் மேல நிற்கிற தூரம் கூடக்கூட செய்யலாம். டயர் தேய்ஞ்சிருந்தா இது ஒண்ணும் செய்ய முடியாது.

கார் சாவியைத் திருப்பினதும் மஞ்சள் நிறத்தில் ஏ.பி.எஸ். விளக்கு எரிஞ்சு, சில வினாடியில அணையணும். ஓடும்போதும் எரிஞ்சா, சாதாரண பிரேக் பிடிக்கும், ஏ.பி.எஸ். கை கொடுக்காது. சென்சார்ல சேறு ஒட்டியிருந்தாலும் அப்படி எரியலாம். தள்ளிப் போடாம மெக்கானிக்கிட்ட காட்டிடுங்க.