சக்கரம் சக்கரமாக எடை

ஆஸ்திரேலியாவில் காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கப்படும் கேரவன்களில் ஒரு தகடு இருக்கும். வண்டியின் மொத்த எடை எவ்வளவு வரை போகலாம், அதில் சக்கரங்களின் மேல் எவ்வளவு இறங்கலாம் என்ற இரு வரம்புகள் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். முன்னதற்கு ஏடிஎம், பின்னதற்கு ஜிடிஎம் என்று பெயர். சக்கரங்களில் இறங்காத மிச்சத்தைக் காரின் இணைப்புக் குண்டு தாங்குகிறது. அது மொத்தத்தில் ஏறத்தாழ 10 சதவீதம் இருப்பது நல்லது என்பது அந்நாட்டு வழக்கம். மிகவும் குறைந்தால், வேகமாகப் போகும்போது கேரவன் பாம்பாக நெளியும். உயிருக்கே ஆபத்தான நிலை அது.

லாரிகளை நிறுக்கும் எடைமேடை மொத்தக் கணக்கைச் சொல்லிவிடும். எந்த டயர் எவ்வளவு சுமக்கிறது என்பதை அறிய, சக்கரத்துக்கு அடியில் வைக்கும் தட்டையான தராசுகள் வேண்டும்.

நிறுக்குமிடம் சமதளமாக இருக்க வேண்டும். தண்ணீர், எரிவாயு, துணிமணி, பாத்திரம் எல்லாம் பயணத்தில் இருக்கிறபடியே இருக்க வேண்டும். பிரேக்கைத் தளர்த்திவிட வேண்டும். ஒரே தராசு இருந்தால் இன்னும் கவனம் தேவை. இரட்டை அச்சு வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் உயர்ந்தால், பக்கத்துச் சக்கரத்தின் சுமையும் அதன்மேல் சாய்ந்து அளவு பொய்யாகும். மற்றச் சக்கரங்களுக்கு அடியிலும் அதே தடிமனில் பலகை வைப்பதே வழி. முன்முனையை இணைப்புக் குண்டின் உயரத்தில், இணைப்பு இருக்கும் புள்ளியிலேயே நிறுக்க வேண்டும். சற்றுப் பின்னால் உள்ள சிறு துணைச்சக்கரத்தின் கீழ் நிறுத்தால் எடை கூடுதலாகக் காட்டும்.

2,500 கிலோ வரம்புள்ள ஒரு கேரவனை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கச் சக்கரங்கள் 610, 640 கிலோ, வலப்பக்கம் 520, 530, முன்முனை 240. கூட்டினால் 2,540. வரம்பைத் தாண்டியது 40 கிலோ. தொட்டியிலிருந்து 40 லிட்டர் தண்ணீரை இறக்கினால் அது சரியாகிவிடும். ஆனால் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 200 கிலோ கனமாக இருப்பது எடைமேடைச் சீட்டில் தெரியவே தெரியாது. குளிர்பதனப் பெட்டி, அடுப்பு, அலமாரி ஆகியவை ஒரே பக்கம் சேர்ந்தால் இப்படி ஆகும். கனமான சாமான்களை எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டு மீண்டும் நிறுக்க வேண்டும்.

கடைசியாக டயர். அதன் பக்கவாட்டில் உள்ள சுமைக்குறியீடு 100 என்றால், அந்த டயர் 800 கிலோ வரை தாங்கும்; 112 என்றால் 1,120 கிலோ. ஒவ்வொரு சக்கரத்தின் எடையையும் இந்த அளவோடு ஒப்பிட வேண்டும். ஓர் அச்சின் இரு டயர்களுக்கும் ஒரே காற்றழுத்தம்தான். அதைக் கனமான பக்கத்தைப் பார்த்தே நிர்ணயிக்க வேண்டும்.