கூட்டுப்புழுவின் குழல்

நியூசிலாந்தின் தென்தீவில், டாஸ்மன் விரிகுடாவை ஒட்டி அமைந்திருக்கிறது நெல்சன் நகரம். அதன் பின்னாலுள்ள மலைகளில் கிடைக்கும் பக்கோஹே என்ற கடினமான கல்லில் நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் கோடரி செய்தார்கள். தட்டினால் ஒலிக்கும் அந்தக் கல் தாளக் கருவியும் ஆனது. மற்ற இசைக்கருவிகளுக்குக் கடல் சங்கைத் தந்தது, காடு மரத்தைத் தந்தது, பறவை எலும்பைத் தந்தது. மாவோரி இசையைக் கற்க வரும் பிள்ளைகள் பலரும் முதலில் ஒரு கருவியைத் தங்கள் கையாலேயே செய்கிறார்கள். அதைக் கைவேலை வகுப்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது. இந்த இசைக்குள் நுழைய அதுவே சரியான வாசல்.

இதற்கு வரலாறே சான்று. ஐரோப்பியர் குடியேறியபின் இந்தக் கருவிகள் மெல்ல மெல்ல வழக்கொழிந்தன. ஊதத் தெரிந்தவர்கள் அருகிப்போனார்கள். கருவிகள் மட்டும் அருங்காட்சியகங்களில் எஞ்சின. மாவோரி இசைஞர் ஹிரினி மெல்பர்னும், இசைக் கலைஞர் ரிச்சர்ட் நன்ஸும், நெல்சனைச் சேர்ந்த செதுக்குக் கலைஞர் பிரையன் ஃபிளின்டாஃபும் அந்தக் கருவிகளை ஆராய்ந்தார்கள், புதிதாகச் செய்தார்கள், ஊதிப் பார்த்தார்கள், முதியவர்களின் நினைவில் இருந்ததைக் கேட்டறிந்தார்கள். மெல்பர்னும் நன்ஸும் சேர்ந்து அளித்த 'டே கு டே ஃபே' இசைத்தொகுப்பு 1994இல் வெளிவந்தது. இடையில் அறுந்துபோனதை மரபு என்று எப்படிச் சொல்வது என்று சிலர் கேட்கலாம். பழைய மெட்டுகள் எல்லாம் மீளவில்லை என்பது உண்மைதான். ஆனால் குழலின் உட்குடைவும் துளைகளின் இடைவெளியும் அப்படியே இருந்தன. எந்த ஒலி பிறக்கும் என்பதை முடிவு செய்பவை அவைதாம். பெரியவர்கள் கருவியின் வழியாக இசைக்குத் திரும்பினார்கள். பிள்ளைகளும் அதே வழியில் போகட்டும்.

பூட்டோரினோ என்ற குழலைப் பாருங்கள். மரத்தை இரண்டாகப் பிளந்து, குடைந்து, மீண்டும் சேர்த்துக் கட்டிச் செய்வது. ஊதும் விதத்துக்கேற்ப எக்காளமாகவும் ஒலிக்கும், புல்லாங்குழலாகவும் இசைக்கும். அதன் வடிவம் மரக்கிளையில் தொங்கும் ஒருவகை அந்துப்பூச்சியின் கூடு. குழலிசையின் தெய்வமான ஹினே ரௌகட்டௌரி அந்தப் பூச்சியாகவே வாழ்கிறாள் என்பது மாவோரி நம்பிக்கை. பெண் பூச்சிக்குச் சிறகு கிடையாது. கூட்டை விட்டு அது வெளியேறுவதுமில்லை. அந்தக் கூட்டை மரத்தில் பார்த்த பிள்ளைக்குக் குழல் ஏன் நடுவில் பருத்து முனைகளில் ஒடுங்குகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் களிமண்ணில் செய்வதெல்லாம் அசலாகுமா என்பது இன்னொரு கேள்வி. குழலுக்கு எலும்பு தந்த மோவா பறவை அழிந்துவிட்டது. ஆல்பட்ராஸ் பாதுகாக்கப்பட்ட பறவை. முன்னோர்களும் கைக்கெட்டிய மரம், கல், எலும்பு, சுரைக்குடுக்கை எல்லாவற்றையும் பயன்படுத்தியவர்கள்தாமே! சுருதி சேராத கருவியால் பள்ளிக்கு என்ன பயன் என்பதுதான் எனக்குக் கனமான ஆட்சேபமாகப் படுகிறது. கோஅவ்அவ் என்ற சிறு குழலுக்குப் பெரும்பாலும் மூன்றே துளைகள். ஒன்றின் ஒலி மற்றொன்றுக்கு ஒத்துவராது. முப்பது பிள்ளைகள் ஒரே பாட்டை ஒன்றாக வாசிக்க அது உதவாதுதான். அதற்கு வேறு கருவிகள் உள்ளன. இங்கே ஒவ்வொரு பிள்ளையும் தன் குழலுக்குள் இருக்கும் ஒலிகளைத் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கெல்லாம் காலம் வேண்டும்: சுரை விதையை ஊன்றி, காய் முற்றி, உலர்ந்து, கருவியாவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். பள்ளிகள் அந்த மாதங்களைப் பாடவேளையாகவே ஒதுக்கித் தர வேண்டும்.