ஆகாயத்தில் எரிபொருள் ஊட்டும் விமானங்கள்

பாலக்காட்டின் கிழக்கெல்லையில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி ஆகிய ஊர்ப்புறங்களில் வாழும் தமிழ் அன்பர்களுக்குத் தண்ணீர் லாரியின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கோடையில் கிணறு வற்றியபின் லாரி வரும் நாளை வைத்தே வீட்டுக் காரியங்கள் நடைபெறும். லாரிகள் ஆறு என்று ஏட்டில் எழுதியிருக்கலாம். அவற்றுள் மூன்று பட்டறையில் நின்றால், தாகத்திற்கு உதவுபவை மூன்றே. நமது விமானப்படையும் ஏறக்குறைய இத்தகைய கணக்கிலேதான் பல ஆண்டுகளாகச் சிக்கியிருக்கிறது.

வாளையாற்றைக் கடந்தால் கோயம்புத்தூர். அதன் கிழக்கே சூலூர் விமானப்படைத் தளம். அங்கே 2020 மே 27 அன்று 18ஆம் படைப்பிரிவு தேஜஸ் விமானங்களுடன் பணி தொடங்கியது. அதே ஆண்டு ஜனவரி 20 அன்று தஞ்சாவூரில் சுகோய்-30 விமானங்களைக் கொண்ட 222ஆம் படைப்பிரிவு அமைந்தது. இந்துமாக்கடலைக் காவல் புரிவது அதன் நோக்கங்களுள் ஒன்று. கடலின் பரப்போ பெரிது. போர் விமானத்தின் எரிபொருள் தொட்டியோ சிறிது.

இடுக்கி மலையோரத்து அன்பர்கள் இதனை எளிதில் உணர்வர். கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறும் லாரியில் பாரம் மிகுந்தால் ஏற்றம் கடினமாகும். போர் விமானமும் அவ்வாறே. ஆயுதங்களை நிறைய ஏற்றினால், எரிபொருளைக் குறைத்துக்கொண்டு தரையைவிட்டு எழ வேண்டிவரும். எழுந்தபின் வானிலேயே எரிபொருள் பெற முடியுமானால், பாரத்தையும் சுமக்கலாம்; தூரமும் செல்லலாம். தாய் விமானம் நீண்ட குழாயொன்றைப் பின்னால் தொங்கவிடும். அதன் நுனியில் கூடை போன்ற ஓர் அமைப்பு இருக்கும். பின்தொடரும் விமானி தம் விமானத்தின் முனைக்குழாயை அக்கூடையில் செலுத்தி எரிபொருள் பெறுவார். 2018 செப்டம்பர் 10 அன்று தேஜஸ் விமானம் ஒன்று இருபதாயிரம் அடி உயரத்தில் 1,900 கிலோகிராம் எரிபொருளை இவ்வாறு பெற்றது.

இதனை வழங்கியது ஆக்ராவில் உள்ள 78ஆம் படைப்பிரிவின் இல்யூஷின்-78 விமானம். 2003 முதல் வந்து சேர்ந்த இவ்வகை விமானங்கள் மொத்தம் ஆறு. பரந்த பாரத நாட்டிற்கு ஆறு போதுமா என்பது ஒரு கேள்வி. ஆறும் பறக்கும் நிலையில் உள்ளனவா என்பது அதனினும் முக்கியமான கேள்வி. 2010 முதல் 2016 வரையிலான காலத்தில், எழுபது சதவிகிதம் ஆயத்த நிலையில் இருக்க வேண்டிய இவை சராசரியாக 49 சதவிகிதமே அவ்வாறு இருந்தன என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2017ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. அதாவது, ஆறில் மூன்று.

கூடுதல் விமானங்கள் வேண்டும் என்பதை அரசு அறியாமல் இல்லை. 2006இல் தொடங்கிய கொள்முதல் முயற்சி 2010இல் கைவிடப்பட்டது. மறுமுயற்சியில் 2013இல் ஏர்பஸ் ஏ-330 தேர்வாயிற்று. 2016இல் அதுவும் கைவிடப்பட்டது. இரு முறையும் விலையே பெருந்தடையாக நின்றது. வாங்கும் விலையைப் பார்ப்பதா, முப்பது ஆண்டுகள் பறக்கவிட ஆகும் மொத்தச் செலவைப் பார்ப்பதா என்னும் வினா இலேசானதன்று. பொதுப்பணத்தை எண்ணிச் செலவிடுவது அரசின் கடமையே. ஆயினும் ஒத்திவைப்பதற்கும் ஒரு விலை உண்டு. அரசு ஆவணங்களை மொழிபெயர்க்கும் நம் போன்றோர் 'பரிசீலனையில் உள்ளது' என்னும் தொடரை எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். அத்தொடர் மூப்படைவதில்லை; விமானம் மூப்படைகிறது.

2025 மார்ச்சு மாதத்தில் மெட்ரியா என்னும் நிறுவனத்திடமிருந்து கேசி-135 விமானம் ஒன்றை வாடகைக்குப் பெற ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. விமானப்படை, கடற்படை விமானிகளுக்குப் பயிற்சி அளிப்பதற்கென்றே அது வந்தது. நல்ல ஏற்பாடுதான். எனினும் பயிற்சிக்கு வந்த வாடகை வண்டியைச் சொந்த வண்டியின் கணக்கில் சேர்க்க இயலாது.

அமெரிக்காவில் முந்நூற்றுக்கு மேற்பட்ட கேசி-135 விமானங்கள் உள்ளன. அவற்றுள் பாதிக்கும் அதிகமானவற்றை ரிசர்வ் படையும் தேசியக் காவற்படையும் இயக்குகின்றன. நாம் அத்தனைக்கு ஆசைப்பட வேண்டுவதில்லை. ஆனால், பழுது நீங்கும்வரை ஒன்று நின்றாலும் பணி நில்லாத அளவுக்கேனும் விமானங்கள் இருத்தல் வேண்டும்.

நடுக்கடலின் மேல் பறக்கும் விமானி, எரிபொருள் முள் இறங்குவதைக் காண்கிறார். குறித்த இடத்தில், குறித்த நிமிடத்தில், தாய் விமானம் காத்திருக்கும் என்ற நம்பிக்கையிலேதான் அவர் அவ்வளவு தூரம் சென்றிருக்கிறார். சூலூரிலிருந்து எழும் விமானத்தின் ஒலி கணவாய்க் காற்றோடு வந்து நம் செவியில் விழும்போது, அவரைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் அந்தச் சில விமானங்களின் எண்ணிக்கையையும் நாம் நினைத்துக்கொள்வோமாக.