கல் சொன்னதும் நாம் சொன்னதும்

(ஏனாத்தூரில் நடைபெற்ற பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டிய நான், உங்கள் அன்பால் மேடையில் நிற்கிறேன். குற்றம் யாதெனக் கூறுகிறேன், கேளுங்கள்.

சில ஆண்டுகட்கு முன் ஒரு கூட்டத்தில் முழங்கினேன்: "ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே உத்திரமேரூரில் உழவனும் குயவனும் ஒன்றாய் நின்று வாக்களித்தனர். உலகுக்கே முதன்முதலில் மக்களாட்சி தந்தவர் நாம்!" கையொலி வானைப் பிளந்தது. கூட்டம் கலைந்தபின், கைத்தடி ஊன்றிய பெரியவர் ஒருவர் அருகே வந்தார். "தம்பி! ஏர் பிடித்த என் முப்பாட்டன் பெயரும் அந்தக் குடத்தில் விழுந்திருக்குமா?" என்றார்.

வாயடைத்து நின்றேன். ஏன்? நான் கல்லைப் படித்தவனல்லன். கைப்பேசியில் வந்த நான்கு வரியைப் படித்தவன்!

உத்திரமேரூருக்குப் பேருந்தேறினேன். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு அந்த எழுத்து புரியவில்லை. அறிஞர்கள் படித்து அச்சிட்ட பாடத்தை நூலகத்தில் தேடி அமர்ந்தேன்.

921ஆம் ஆண்டுக் கல் சொல்வதென்ன? ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தனர். வாக்களிப்பு அன்று தோழர்களே, சீட்டுக் குலுக்கல்! தகுதி யாருக்கு? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள் வேண்டும். வேதக் கல்வி வேண்டும். பிராமணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேய ஊரின் சபை அது. பெரியவரின் முப்பாட்டன் பெயர் அக்குடத்தில் விழுந்திராது.

அதே கல் இன்னொன்றும் சொல்கிறது. பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் அக்குடத்தை அணுக முடியாது. கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவனுக்கும் இடமில்லை. ஏரியைக் காக்க ஆறு பேர், தோட்டத்தைக் காக்கப் பன்னிருவர். இதுவும் உண்மை. நமக்குக் கசப்பதைச் சொல்லி இனிப்பதை மறைப்பதும் பிழை; இனிப்பதைச் சொல்லிக் கசப்பதை மறைப்பதும் பிழை.

இனி இரண்டையும் பிரித்துப் பாருங்கள். "கால் வேலி நிலம் வேண்டும்" என்பது உண்மை. எவரும் கல்லோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். "அது மேன்மையான ஆட்சிமுறை" என்பது கருத்து. "அது ஒரு சாதியாரின் ஆட்சி, அதில் பெருமை என்ன?" என்பதும் கருத்தே. இரண்டையும் வாதாடலாம், ஆனால் கல்லின் மேல் நின்று வாதாட வேண்டும். "உலகிலேயே முதல்" என்பதோ கருத்துமன்று, தவறு! கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே ஏதென்ஸ் நகரில் ஐந்நூற்றுவர் அவைக்குச் சீட்டுக் குலுக்கி ஆள் எடுத்தார்கள். அங்கும் பெண்களுக்கு இடமில்லை, அடிமைகளுக்கு இடமில்லை.

2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமரும் இந்தக் கல்வெட்டைப் போற்றிப் பேசினார். பெரிய பதவியிலுள்ளவர் சொல்வதால் ஒரு கருத்து உண்மையாகிவிடாது; எதிரணியினர் சொல்வதால் உண்மை பொய்யாகிவிடவும் செய்யாது. நம் தலைவர்கள் சொல்லுக்கும் இதே தராசுதான்!

இணையத்தில் தேடும் இளைஞனே! மூன்று கேள்வி கேள். சொன்னவர் யார்? எதைப் பார்த்துச் சொன்னார்? அதை நானும் பார்க்க முடியுமா? நூறு இடங்களில் இருக்கிறதே என்று மயங்காதே. ஒருவர் எழுதியதைத் தொண்ணூற்றொன்பது பேர் நகலெடுத்தால், சாட்சி நூறல்ல, ஒன்றுதான்!

"சின்னப் பொய்தானே, இனத்துக்குப் பெருமை தரும் பொய்தானே" என்பார் உண்டு. நானும் நாடகம் எழுதுபவன். கற்பனையின் சுவை அறிந்தவன். ஆனால் இந்தப் பொய் யாரைக் கொல்கிறது, எண்ணிப் பாருங்கள். அன்றே எல்லோருக்கும் வாக்கு இருந்ததென்றால், பின்னர் அதற்காகப் போராடியவர் எதற்குப் போராடினர்? சாதி, சொத்து, படிப்பு, ஆண் பெண் என்ற வேறுபாடின்றி வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் 1951-52இல்தான் நடந்தது. அந்தப் பெரியவர் விரலில் பதிந்த மை, சோழன் தந்ததன்று, போராடிப் பெற்றது. நான் முழங்கிய பொய், அந்தப் போராட்டத்தையே அழித்துவிட்டது!

அவரை மீண்டும் காணும் நாளில், "இல்லை ஐயா, உங்கள் முப்பாட்டன் பெயர் அக்குடத்தில் விழுந்திராது. உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது. அதைக் காப்பதே எங்கள் வேலை" என்பேன். கையொலி எழாமற் போகலாம். கவலையில்லை. அவர் தலையசைத்தால் போதும்.