பச்சை வண்ணம் பூசும் முன்

இன்று பட்டம் பெறும் காட்சித் தொடர்பியல் மாணவ மாணவியரே,

உங்களில் பலர் விளம்பரத் துறைக்கு வரப்போகிறீர்கள். அதனால் பொதுவான அறிவுரைகளை விட்டுவிட்டு, அந்தத் தொழிலைப் பற்றியே பேசுகிறேன். நாம் செய்யும் வேலை மண்ணையும் காற்றையும் என்ன செய்கிறது என்பதுதான் என் பேச்சு.

நம் ஊரில் விளம்பரம் என்றதும் கண்ணில் படுவது ஃபிளெக்ஸ். ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் பாலியஸ்டர் இழை வலை, இருபுறமும் பி.வி.சி. பூச்சு, அதன்மேல் மை. எல்லாம் ஒட்டிக்கிடப்பதால் பிரித்து மறுசுழற்சி செய்வது பெரும்பாடு. காதுகுத்துக்கோ பிறந்தநாளுக்கோ ஓரிரு நாள் நிற்கும். பிறகு டீக்கடைக்குப் பந்தலாகவும் குடிசைக்குக் கூரையாகவும் கொஞ்ச காலம் உழைக்கும். வெயிலில் நைந்துபோனால் குப்பைமேடு. அங்கே யாராவது தீ வைத்தால், பி.வி.சி.யில் இருக்கும் குளோரின் ஹைட்ரஜன் குளோரைடாகவும் டையாக்சினாகவும் புகையில் கலக்கும். அதைச் சுவாசிப்பவர்கள் குப்பை பொறுக்கும் பெண்களும் பக்கத்துத் தெருக் குழந்தைகளும்தான்.

2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் அனுமதியில்லாமல் வைத்த திருமண பேனர் ஒன்று சரிந்து விழுந்தது. ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண் நிலைதடுமாறி விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி உயிர் போனது. நீதிமன்றம் கடுமையாகப் பேசியது. பேனர் வைக்காதீர்கள் என்று கட்சிகளே தொண்டர்களைக் கேட்டுக்கொண்டன. ஆனாலும் பேனர்கள் திரும்பி வந்துவிட்டன. இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஏனென்றால் மாற்றம் முடியாத காரியமல்ல. அதே ஆண்டு கேரள அரசு பி.வி.சி. ஃபிளெக்ஸைத் தடைசெய்தது. பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரம் 2007 முதல் வெளிப்புற விளம்பரப் பலகைகளையே தடைசெய்து, சுமார் 15,000 பலகைகளைக் கழற்றிப்போட்டது. அங்கே வியாபாரம் நின்றுவிடவில்லை.

படப்பிடிப்புக்கு வருவோம். முப்பது வினாடிப் படத்துக்கு ஜெனரேட்டர் வண்டி நாள் முழுக்க டீசல் குடிக்கிறது. விமானத்தில் ஆட்கள் வருகிறார்கள். பிளைவுட்டிலும் தெர்மாகோலிலும் எழுப்பிய வீடு, பேக்கப் சொன்ன இரவே உடைபட்டு லாரி ஏறுகிறது. பிரிட்டனில் இதை அளக்கத் தொடங்கிவிட்டார்கள். 2020 நவம்பரில் அங்குள்ள விளம்பர அமைப்புகள் கூடி ‘ஆட் நெட் ஜீரோ’ என்ற முயற்சியைத் தொடங்கின. ‘ஆட்கிரீன்’ என்ற அமைப்பு படத் தயாரிப்புக்கென்றே கார்பன் கணக்கிடும் கருவியை 2021இல் இலவசமாகக் கொடுத்தது. பயணம், தங்குமிடம், மின்சாரம், செட் பொருள் என்று ஒவ்வொன்றாகப் பதிவு செய்யலாம். கணக்குப் பார்த்தால் பயணம்தான் பெரும்பங்கு. எனவே உள்ளூர்க் குழுவை வைத்துப் படம்பிடிப்பதும் இயக்குநர் தொலைவிலிருந்தே மானிட்டர் பார்ப்பதும் செலவையும் குறைக்கும், புகையையும் குறைக்கும். இதையெல்லாம் நீங்கள் நாளையே செய்யலாம். செய்யுங்கள்.

ஆனால் இத்தோடு நின்றால் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். சோலார் பேனலில் ஓடும் அலுவலகத்தில் உட்கார்ந்து எண்ணெய் நிறுவனத்துக்கு விளம்பரம் எழுதினால், அந்தக் கணக்கு எங்கே போகும்? விற்பனை கூடியது எங்கள் விளம்பரத்தால்தான் என்று விருது மேடையில் மார்தட்டுகிறோம். அப்படிக் கூடிய விற்பனையின் புகையில் மட்டும் நமக்குப் பங்கில்லையா? பிரிட்டனில் விளம்பரக்காரர்களே சேர்ந்து தொடங்கிய ‘பர்பஸ் டிஸ்ரப்டர்ஸ்’ இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது. விளம்பரம் தூண்டிய கூடுதல் விற்பனையின் உமிழ்வையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. அந்த எண்ணைத் துல்லியமாகப் பிடிப்பது கடினம் என்பார்கள். கடினம்தான். அதற்காகப் பூஜ்யம் என்று எழுத முடியாது.

2024 ஜூனில் ஐ.நா. பொதுச் செயலாளர் அந்தோனியோ குட்டெரெஸ், நிலக்கரி, எண்ணெய் நிறுவனங்களைப் புதிய வாடிக்கையாளர்களாக ஏற்க வேண்டாம் என்று விளம்பர நிறுவனங்களை நேரடியாகக் கேட்டுக்கொண்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் நெதர்லாந்தின் ஹேக் நகர மன்றம், பொது இடங்களில் புதைபடிவ எரிபொருள் விளம்பரங்களுக்குத் தடை விதித்துச் சட்டமியற்றியது. விமானப் பயணமும் கப்பல் சுற்றுலாவும்கூட அதில் அடங்கும்.

யாருக்கு எழுதுகிறோம் என்பதோடு, என்ன எழுதுகிறோம் என்பதும் முக்கியம். அதற்கு ஹெச்.எஸ்.பி.சி. வங்கியின் கதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. 2021 அக்டோபரில், கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டை ஒட்டி, லண்டனிலும் பிரிஸ்டலிலும் போஸ்டர் ஒட்டினார்கள். வாடிக்கையாளர்கள் கார்பன் குறைக்க ஒரு லட்சம் கோடி டாலர் வரை நிதி, இருபது லட்சம் மரங்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. ஓராண்டு கழித்து பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் அவற்றைத் தடைசெய்தது. அதே வங்கி நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் கடன் கொடுப்பதைப் போஸ்டர் சொல்லவில்லை, படிப்பவர் தவறாக நினைத்துக்கொள்வார் என்பது காரணம். விளம்பரத்தில் சொன்னதோடு, சொல்லாமல் விட்டதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இங்கேயும் விதி வந்துவிட்டது. இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் பசுமை வழிகாட்டுதல்கள் 2024 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் உள்ளன. சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று மொட்டையாக எழுதக் கூடாது. எழுதினால் வலுவான ஆதாரம் வேண்டும். அட்டைப்பெட்டி மட்டும் மறுசுழற்சிக்கு உகந்தது என்றால், பொருளே அப்படி என்று தோன்றும்படி எழுதக் கூடாது. வருங்காலத்தில் உமிழ்வை ஒழிப்போம் என்றால் அதற்குச் செயல்திட்டம் காட்ட வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் வழிகாட்டுதல் வெளியிட்டது. பொருளை விற்கும் நிறுவனத்தோடு விளம்பர ஏஜென்சியும் அதில் பொறுப்பாளி.

ஆகவே, வேலையில் சேர்ந்த பிறகு பச்சை இலை போட்ட பிரீஃப் ஒன்று உங்கள் மேஜைக்கு வரும்போது, லேஅவுட்டைத் திறக்குமுன் வாடிக்கையாளரிடம் சோதனை அறிக்கை கேளுங்கள். எந்தப் பகுதி பச்சை, எதோடு ஒப்பிட்டுப் பச்சை, யார் சோதித்தது என்று கேளுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் கேட்கலாமா என்று தயங்க வேண்டாம். இன்றைக்கு அந்தக் கேள்வி உங்கள் ஏஜென்சியையும் காப்பாற்றும். அறிக்கை வராவிட்டால் அந்த வரியை எழுத மறுத்துவிடுங்கள். சீனியர்களிடமும் இதையே கேட்டுக்கொள்கிறேன்: அப்படி மறுக்கும் பிள்ளைக்குத் துணையாக நில்லுங்கள்.