மின்சாரம் மீண்ட பிறகு



தில்லியில் வாழும் தமிழருள் புசா ரோட்டை அறியாதார் அரியர். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று அங்கேதான் இருக்கிறது. பெயர் வந்த கதைதான் பலர்க்குத் தெரியாது. பீகாரில் புசா என்னும் ஊரில் 1905-இல் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், 1934-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் இடிந்தபின் 1936-இல் தில்லிக்குக் குடிவந்தது. வரும்போது ஊர்ப் பெயரையும் கையோடு கொண்டுவந்துவிட்டது. ஊரை விட்டு வந்த நமக்கு இவ்வழக்கம் புதிதன்று.

அந்தப் புசா வளாகத்து வேளாண்மைப் புள்ளியியல் நிலையத்தில் 1964-இல் ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி நிறுவப்பட்டது. அவ்வகைப் பொறிகள் தாமாக எதையும் தொடங்கமாட்டா. துளையிட்ட அட்டைகளைப் படிக்கும் கருவியில் அட்டைகளை அடுக்கி, ஒருவர் பொத்தானை அழுத்த வேண்டும். முதல் அட்டையிலுள்ள எண்பது எழுத்துகள் நினைவகத்தில் ஏறும். பொறி அவற்றையே கட்டளைகளாகக் கொண்டு அடுத்த அட்டைகளை இழுத்துக்கொள்ளும். இன்று நம் மேசைக் கணினி விழித்தெழுவதும் இம்முறையிலேதான். சிறிய கட்டளை பெரிய கட்டளையை ஏற்றுகிறது. அது இயங்குதளத்தை எழுப்புகிறது. பொத்தானை அழுத்திய விரல் மட்டும் மறைந்துவிட்டது. மறைந்துவிட்டது என்று நாம் நம்பியிருந்ததுதான் பிழை.

புசா ரோட்டை அடுத்த ஓர் அலுவலகத்தில் நாங்கள் சிலர் மொழிபெயர்ப்புப் பணி செய்கிறோம். எங்கள் கலைச்சொற்கள் யாவும் ஒரு சேவையகக் கணினியில், போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் இருக்கின்றன. சென்ற கோடையில் ஒரு நாள் மின்சாரம் நின்று, ஒரு மணி நேரம் கழித்து மீண்டது. விளக்குகள் எரிந்தன, கணினியும் தானே எழுந்தது, சொற்பட்டியல் மட்டும் திறக்கவில்லை. குடும்ப ஓய்வூதியம் பற்றிய அறிவிப்பு ஒன்று மாலைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். நான்கு பேர் பிரித்துக்கொண்டு மொழிபெயர்க்கும்போது ஒரே சொல்லுக்கு நான்கு தமிழ்ச்சொற்கள் விழுந்துவிட்டால், எங்கோ ஒரு விதவைத் தாய் எந்தப் படிவம் தமக்குரியது என்று அறியாமல் அலுவலகப் படிகளை ஏறி இறங்குவார். அன்று நினைவை நம்பியே எழுதினோம். மறுநாள் பார்த்ததில் இரண்டு இடங்களில் தவறு. நல்லவேளையாக அச்சகம் தாமதித்தது.

கணினியைப் பார்க்க வந்தவர் நெல்லைச் சீமை இளைஞர். சற்று நேரம் ஆராய்ந்துவிட்டுச் சொன்னார்: “சார், முன்பு இருந்தவர் ஓடு என்றார், ஓடியது. கணினி எழும்போதெல்லாம் ஓடு என்று யாருமே சொல்லவில்லையே!”

லினக்ஸ் இயங்குதளத்தில் இவை இரண்டும் வெவ்வேறு கட்டளைகள். ‘ஸ்டார்ட்’ என்பது இப்போதைக்கு மட்டும். ‘எனேபிள்’ என்பது, கணினி எழும்போது தொடங்க வேண்டியவற்றின் வரிசையில் தரவுத்தளத்தின் பெயரையும் சேர்த்துவிடுவது. எழுந்ததும் முதலில் ஓடும் சிஸ்டம்டி என்னும் மேலாளர் அவ்வரிசையைப் பார்த்து அவற்றை எழுப்புவார். எங்கள் கணினியை ஒன்பது மாதம் யாரும் அணைக்கவில்லை. ஆகவே குறையும் ஒன்பது மாதம் தெரியவில்லை. விண்டோஸிலும் ஒவ்வொரு சேவைக்கும் ‘தானியங்கி’, ‘கைமுறை’ என இந்த வேறுபாடு உண்டு.

மின்சாரம் திடீரென நின்றதால் சொற்கள் அழிந்திருக்குமோ என அஞ்சினோம். அழியவில்லை. நம் கடைக்காரர்கள் சிட்டையில் எழுதிய பின்பே பேரேட்டில் ஏற்றுவார்கள் அல்லவா? போஸ்ட்கிரெஸும் அவ்வாறே, மாற்றங்களை முதலில் ஒரு பதிவேட்டில் எழுதிவிடுகிறது. மறுபடி தொடங்கும்போது அதைப் படித்து, விட்டுப்போனவற்றைச் சரிசெய்துகொள்கிறது.

அஞ்ச வேண்டியது வேறோர் இடத்தில் இருந்தது. எங்கள் சொற்கள் தனியான இரண்டாவது வட்டில் உள்ளன. அவ்வட்டு இணைக்கப்படும் வரை அதற்குரிய இடம் வெறும் காலி அடைவாகவே தோன்றும். தரவுத்தளம் அவசரப்பட்டு அதற்கு முன்பே எழுந்தால், தன் வீடு காலியாகக் கிடப்பதைக் காணும். போஸ்ட்கிரெஸ் அப்போது தொடங்க மறுத்துவிடும், மறுப்பதே நல்லது. ஆனால் முற்காலத்துத் தொடக்க நிரல்கள் சில, காலியிடத்தைக் கண்டவுடன் அங்கே புதிதாக ஒரு வெற்றுத் தரவுத்தளத்தை அமைத்துக் கொடுத்துவிடும்! மிகையான உதவி. ஆகவே இன்ன வட்டு இணைந்த பிறகே தொடங்குக என்று ஒரு வரியை அவ்விளைஞர் சேர்த்தார். தரவுத்தளம் இயங்காத நாள் தொல்லைதான். வெற்றுத் தரவுத்தளம் இயங்கும் நாளை நாங்கள் எண்ணிப் பார்க்கவும் விரும்பவில்லை.

இன்னும் ஒன்று. மின்சாரம் மீண்டால் தானே எழ வேண்டும் என்பது கணினியின் அடிப்படை அமைப்பிலும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். எங்களுடையதில் அது இருந்தது. பிற மாநிலங்களில் தமிழ்ச் சங்க நூலகங்களின் பட்டியலைக் கணினியில் வைத்திருக்கும் நண்பர்கள் இதை முதலில் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்ததும் இளைஞர் கிளம்பத் தயாரானார். எங்களுள் மூத்தவர் விடவில்லை: “தம்பி, அணைத்துக் காட்டிவிட்டுப் போங்கள்.” வேண்டுமென்றே கணினியை மறுதொடக்கம் செய்தோம். யாரும் எதையும் தொடவில்லை. தேநீர் வந்து ஆறுவதற்குள் சொற்பட்டியல் திறந்தது. மூத்தவர் ‘ஓய்வூதியம்’ என்று தட்டிப் பார்த்தார், இருந்தது.