கடல்வழி சென்ற மறவனின் மடல்



22.9.1914 இரவு, செருமானியப் போர்க்கப்பலாகிய எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கலன்களைச் சுட்டெரித்தது. மக்கட் பலர் அஞ்சி நகரைவிட்டே வெளியேறினர். (இற்றைத் தியாகராயர் நகர் அன்று மயிலையின் நெடிய ஏரி!) எம்டனைப் பற்றிப் பேசாத சென்னையார் இலர். ஆனால், அதற்கு 24-ஆம் நாள் பம்பாயினின்று கப்பலேறிக் கிழக்கு ஆப்பிரிக்கப் போருக்குச் சென்றவர்களைப் பற்றிப் பேசுவார் எத்துணைப் பேர்?

அப்படையுள் 63-ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படையும் இருந்தது. தமிழரும் பிறரும் கலந்த சென்னை மாநிலப் படை அது. நெருக்கடியான கப்பலில் இரு கிழமைக்கு மேல் அடைபட்டுக் கிடந்தவர்களை, இளைப்பாறவும் விடாமல் தாங்கா என்னும் துறைமுகத்தில் இறக்கிப் போரில் ஏவினர். போர் தோற்றது. ஆங்கிலப் படைத்தலைவர்கள் பழியைப் படைஞர் தலைமேல் ஏற்றி ஆங்கிலத்தில் எழுதி வைத்தனர். அவ்வெழுத்தே வரலாறாயிற்று. அலைமேல் ஆடிய அந்த இளைஞன் தன் தாய்க்கு என்ன எழுதினான்? அவன் பக்கத்துச் சான்று யாது? அதனைக் கேட்பாரில்லை.

பிரான்சுக்குச் சென்ற இந்தியப் படைஞரின் மடல்களோ தணிக்கையாளர் கையில் அகப்பட்டன. படைஞருட் பெரும்பாலார் எழுதப் படிக்கத் தெரியாதவர்; எழுதத் தெரிந்த தோழனிடம் சொல்லி எழுதுவித்தனர். தணிக்கைக்கு அஞ்சி மறைபொருளாகவும் எழுதினர். கருமிளகு தீர்ந்துவருகிறது என்றால் இந்தியப் படைஞர் மாள்கின்றனர் என்பது பொருள். செம்மிளகு என்றால் வெள்ளையர். நாட்டுப்புறத்தானின் நுண்ணறிவு எத்தகையது பாருங்கள்! அம்மடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புப் பகுதிகள் இலண்டன் நூலகத்தில் உள்ளன. அவர்கள் தம் தாய்மொழியில் எழுதிய மூலங்களோ பெரும்பாலும் மறைந்தன. பிரான்சுக்குச் சென்றவருட் பெரும்பாலார் வடபுலத்தார் ஆதலின், அத்தொகுப்பில் தமிழன் குரலைத் தேடுவது அரிது.

மாதவி கோவலனுக்குத் தாழை மடலில் எழுதியதைச் சிலம்பு காத்துத் தந்தது. 'மடல்' என்னும் சொல்லுக்கே அது விளக்கம். போருக்குச் சென்றவன் எழுதிய மடலைக் காக்க இளங்கோ வரமாட்டார், வீட்டாரே காக்கவேண்டும்.

மயிலையிலும் அடையாற்றிலும் பழைய வீடுகள் இடிந்து அடுக்ககங்கள் எழுகின்றன. தகரப் பெட்டியில் கிடந்த தாள்கள் நிறைக்கு விலையாகிப் பழைய தாள் கடைக்குப் போகின்றன. சென்னைப் படைகளில் சேர்ந்தவருள் ஒடுக்கப்பட்ட குடியினர் பலர். அவர்தம் குடிசைகளில் பெட்டியேது? தீயும் மழையும் தின்றவை போக எஞ்சியவை மிகச் சிலவே இருக்கும்.

உ. வே. சா. தமக்கு வந்த மடல்களைப் போற்றி வைத்தார். அவர் பெயரால் 1943-இல் தோன்றிய நூலகம் பெசன்ட் நகரில் உள்ளது. தரமணியில் ரோசா முத்தையா நூலகமும், எழும்பூரில் அரசு ஆவணக் காப்பகமும் உள. பாட்டனார் படைக்குச் சென்ற வீட்டார் முதலில் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். பின்பு இவற்றுள் ஒன்றை நாடிக் கேட்கலாம். மடல் கிடைத்தால் உறையைக் களையற்க. போர்க்களத்து அஞ்சலகத்தின் எண்ணும் நாளும் காட்டும் பொறி உறைமேல்தான் இருக்கும்.